118-ஆம் கோப்பைத் திறந்தவர்

ஜூன் 2, திங்கள்

காலை 148/92. மாலை 146/90.

ரத்த அழுத்தத்தைத் தினமும் இரண்டு வேளை பார்த்து எழுதிவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதற்காக வாங்கிய நோட்டு இது. இரண்டு எண்களுக்கு ஒரு பக்கம் அதிகம். மீதி இடத்தில் அன்றைய வேலையை எழுதலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

இன்றைய வேலை: பெட்டகம் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. எங்கள் சட்ட உதவி மையத்தின் கோப்புகள் எல்லாம் பெட்டகத்தில்தான் இருக்கின்றன. நாம் எழுதுவதைப் பூட்டி, எங்கோ இருக்கும் அவர்களுடைய கம்ப்யூட்டர்களில் வைத்துக்கொள்வார்கள். அவர்களாலேயே படிக்க முடியாது என்கிறார்கள். நம்புகிறோம். வீட்டை விட்டு வந்த பெண்கள், அவர்களுடைய வழக்கு, இப்போது எங்கே தங்கியிருக்கிறார்கள் என்ற முகவரி, எல்லாம் அதில் இருக்கிறது. இந்த மாதம் புதிய பதிப்பு. பாதுகாப்புக்கும் நிர்வாகத்துக்கும் பல புதிய வசதிகளாம். பதினான்கு பக்கம்.

தில்லைநாயகி மேடத்திடம் கொண்டுபோனேன். மையத்தை இருபத்திரண்டு வருடமாக நடத்தும் வழக்கறிஞர். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "நீங்களே நிர்வாகியா இருந்துக்கோங்க இருதயராஜ்" என்றார். நான் இங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தவன்.

ஜூன் 4, புதன்

146/90.

வீடியோவில் பயிற்சி. சென்னையிலிருந்து ஒருவர் நடத்தினார். நாங்கள் திண்டுக்கல் என்றதும் பூட்டைப் பற்றி ஒரு நகைச்சுவை சொன்னார். திண்டுக்கல்காரர்கள் இதற்குச் சிரித்துப் பழகியவர்கள். சிரித்தோம்.

புரிந்தவரை: ஒன்று, இனிமேல் எல்லோருக்கும் பாஸ்வேர்டோடு போனில் வரும் எண்ணும் கட்டாயம். இரண்டு, யார் எந்தெந்தக் கருவியில் பெட்டகத்தை வைத்திருக்கிறார்கள் என்று நிர்வாகி பார்க்கலாம், வேண்டாததை இங்கிருந்தே நீக்கலாம். மூன்று, எந்தக் கோப்பை யார், எப்போது, எந்தக் கருவியில் திறந்தார்கள் என்ற பதிவேடு. இது முன்பிருந்தே எழுதப்பட்டு வந்திருக்கிறது. பார்க்கும் வசதிதான் இப்போது தந்திருக்கிறார்கள். நான்கு, பெரிய மாற்றம் எதையும் ஒரு நிர்வாகி தனியாகச் செய்ய முடியாது. இரண்டாவது நிர்வாகி போனில் அனுமதி தர வேண்டும்.

இரண்டாவது நிர்வாகியாக மேடத்தின் பெயரைப் போட்டேன். "நான் என்ன செய்யணும்?" என்றார். போனில் பச்சைப் பட்டன் வரும், படித்துவிட்டு அழுத்த வேண்டும் என்றேன்.

ஜூன் 5, வியாழன்

144/90. பதினோரு பேருக்கும் போன் எண் இணைத்துக் கொடுத்தேன். டிரைவர் பாண்டித்துரை தனக்கு வரும் எண்ணை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். அப்படிச் செய்யக்கூடாது என்று சொன்னேன். அடுத்த எண்ணை மெதுவாக வாசித்தார்.

ஜூன் 9, திங்கள்

146/92.

கருவிப் பட்டியலை எடுத்தேன். பதினோரு பேர், இருபத்தொன்பது கருவிகள். ஆலோசகர் ஷகிலா பானுவுக்கு மட்டும் ஐந்து. அதில் இரண்டு, தண்ணீரில் விழுந்து செத்துப்போன போன்கள். மூன்று வருடம் முன்பு வேலையை விட்டுப் போனவரின் கம்ப்யூட்டர் ஒன்று இன்னும் உயிரோடு இருந்தது. டிரைவரின் டேப்லெட்டில் அவர் பேரப்பிள்ளைகள் பொம்மைப் படம் பார்க்கிறார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விளக்கம் கேட்டேன். மாலைக்குள் பத்துப் பேருடையது முடிந்தது. பதினேழு கருவிகளை நீக்கினேன்.

என்னுடையது மட்டும் பாக்கி. என் பெயரில் மூன்று இருக்கின்றன. ஆபீஸ் கம்ப்யூட்டர், போன், இன்னொன்று. நாளை பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 10, செவ்வாய்

158/98. மிஷினில் பேட்டரி குறைந்திருக்கலாம். வரும் வழியில் தக்காளி, கொத்தமல்லி.

ஜூன் 11, புதன்

160/98. பேட்டரி மாற்றிய பிறகு 162/100.

பதிவேட்டில் 118-ஆம் கோப்பைப் பார்த்தேன். பெயரை எங்கும் எழுதக்கூடாது, எண்ணைத்தான் எழுத வேண்டும் என்பது ஆபீஸ் விதி. இந்த நோட்டு ஆபீஸுடையது இல்லை. இருந்தாலும் எண்ணையே எழுதுகிறேன்.

118-ஆம் கோப்புக்குரிய பெண்ணுக்கு வயது இருபத்தாறு. கணவன் லேத் பட்டறை வைத்திருக்கிறான். மூன்று வருடம் அடி. ஜனவரியில் எங்களிடம் வந்தார். வத்தலக்குண்டில் ஒரு பெண்கள் விடுதியில் தங்க வைத்து, ஒரு துணிக்கடையில் வேலையும் வாங்கிக் கொடுத்தோம். ஏப்ரல் 19, சனிக்கிழமை காலை, கடைக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தபோது கணவன் எதிரே நின்றுகொண்டிருந்தான். விடுதிக் காவலாளி ஓடிவருவதற்குள் அவருடைய வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அன்றைக்கே வேறு ஊருக்கு மாற்றினோம்.

முகவரி எப்படித் தெரிந்தது என்று மேடம் விசாரித்தார். 118 முந்தின நாள் தன் அம்மாவுக்குப் போன் செய்திருந்தார். எந்த ஊர் என்று அம்மாவிடம் சொல்லவில்லை என்று அழுதார். ஆனால் பேசக்கூடாது என்பது விதி, பேசியிருக்கிறார். அத்தோடு விசாரணை முடிந்தது.

பதிவேட்டின்படி, ஏப்ரல் 17, வியாழக்கிழமை, முற்பகல் 10.40-க்கு அந்தக் கோப்பு திறக்கப்பட்டிருக்கிறது. முகவரி உள்ள பக்கம் ஆறு நிமிடம் திறந்திருந்திருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

164/100. டாக்டரிடம் போனில் சொன்னேன். உப்பைக் குறைக்கச் சொன்னார்.

ஏப்ரல் 17 பெரிய வியாழன், ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை. அன்று நான் லீவு. 10.40-க்கு என் மனைவி ஜெசிந்தாவோடு கோயிலில் இருந்தேன். பாதம் கழுவும் சடங்குக்கு நாற்காலி அடுக்கும் பொறுப்பு என்னுடையது.

கோப்பைத் திறந்தவர் என்ற இடத்தில் என் பெயர்தான் இருக்கிறது. கருவி, என் பெயரில் உள்ள மூன்றாவது. ஊரடங்கு நேரத்தில் வீட்டிலிருந்து வேலை செய்ய வாங்கிய லேப்டாப் அது. இரண்டு வருடம் முன்பு அதை ஜெசிந்தாவின் தம்பி அமல்ராஜுக்குக் கொடுத்தேன். நிலம், வீடு வாங்கி விற்கும் தரகு வேலை செய்கிறான், படங்கள் போட வேண்டும் என்றான். கொடுக்கும்போது என் போட்டோக்களை எல்லாம் எடுத்துவிட்டேன். பெட்டகத்தை எடுக்கவில்லை. பாஸ்வேர்டும் அதிலேயே பதிந்திருந்தது.

ஜூன் 13, 14 எழுதவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

பூசை முடிந்ததும் ஜெசிந்தாவை வீட்டில் விட்டுவிட்டு அமல்ராஜ் வீட்டுக்குப் போனேன். லேப்டாப் கூடத்தில் மேசைமேல் இருந்தது. பெட்டகத்தின் நீலப் பெட்டிப் படம் திரையில் முதல் வரிசையில் இருந்தது. நான் வைத்த இடத்திலேயே.

118-இன் கணவனைத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றான். ஒரே வாலிபால் டீமாம். எட்டு வருடப் பழக்கம். கோப்பைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தேன் என்று உடனே சொன்னான். மறைக்க வேண்டிய விஷயம் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

"பொண்டாட்டியக் காணோம்னு கிரவுண்டுல உக்காந்து அழுதான் மச்சான். ஒரு குடும்பம் சேரட்டுமேன்னுதான் சொன்னேன். கைய ஒடைப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் எங்கள் மையத்துக்கு வந்தது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நீங்கதான மச்சான் சொன்னீங்க. பொங்கலுக்குச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது. லேத் பட்டறைக்காரன் பொண்டாட்டி வந்துருக்கு, பாவம், முதுகெல்லாம் தடிப்புன்னு."

எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருக்கலாம்.

ஈஸ்டர் அன்று அந்தக் கூடத்தில்தான் சாப்பிட்டோம். 118-க்குக் கட்டுப்போட்ட மறுநாள். ஆட்டுக்கறி நன்றாக வெந்திருந்தது என்று அமல்ராஜின் மனைவியிடம் சொன்னேன். அது ஞாபகம் இருக்கிறது.

லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வந்தேன். ஜெசிந்தாவிடம் ரிப்பேருக்கு என்று சொன்னேன். இன்று அழுத்தம் பார்க்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

170/102.

பதிவேட்டை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை நிர்வாகியே முடிவு செய்யலாம். 30, 90, 365 என்று மூன்று தேர்வுகள். இப்போது 365-இல் இருக்கிறது. நம்மைப் போன்ற சிறிய மையத்துக்கு ஒரு வருடப் பதிவு அதிகம். பக்கம் திறக்க நேரமாகிறது. தேடுவதும் சிரமம். 30 என்று மாற்றினேன். முப்பது நாளுக்கு முந்தியவை தானாகப் போய்விடும்.

இது பெரிய மாற்றம் என்பதால் மேடத்தின் அனுமதி கேட்டது. மேடம் கோர்ட்டில் இருந்தார். நான்கு நிமிடத்தில் அனுமதி வந்தது.

உடனே நடக்காது. ஏழு நாள் காத்திருப்பு. அதற்குள் இரண்டு நிர்வாகிகளில் யார் வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். 23-ஆம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு நடைமுறைக்கு வரும் என்று போட்டிருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

168/100.

ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டேன். மீன் கழுவிக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். பிறகு, தம்பி பெயர் வெளியே வராமல் செய்ய முடியுமா என்று கேட்டாள். லேப்டாப் பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று சொன்னால் போதாதா என்றாள். அவன் கெட்டவன் இல்லை என்றாள். நானும் அவனைக் கெட்டவன் என்று சொல்லவில்லை.

எதுவும் சொல்ல வேண்டியிருக்காது, திங்கட்கிழமையோடு சரியாகிவிடும் என்று சொன்னேன். எப்படி என்று அவள் கேட்கவில்லை.

ஜூன் 18, புதன்

30 நாள் என்பது சரியான முடிவுதான். மதுரையில் இதே போன்ற ஒரு மையத்தில் 30 தான் வைத்திருக்கிறார்கள். போன் செய்து கேட்டேன். 172/104.

ஜூன் 19, வியாழன்

118 வந்தார். ஜீவனாம்ச மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். மேடம் கோர்ட்டிலிருந்து வரத் தாமதமானதால் என் மேசைக்கு எதிரே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கட்டுப் பிரித்துவிட்டார்கள். மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருக்கிறது. பேனாவை இடது கையில் பிடித்துப் பழகிவருவதாகச் சொன்னார்.

டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

"என்னால உங்க எல்லாருக்கும் கெட்ட பேரு சார். அவ்வளவு சொல்லியும் அம்மாவுக்குப் போன் போட்டுட்டேன். அம்மா யார்கிட்ட என்ன சொல்லுச்சோ."

அதற்குப் பிறகு அம்மாவிடம் பேசினீர்களா என்று கேட்டேன்.

"இல்ல சார். கூப்பிட்டா எடுக்கறதில்ல. ரெண்டு மாசமாச்சு. மொதல்ல தெனமும் கூப்பிடும். இப்ப வாரத்துக்கு ஒருதடவதான் கூப்பிடுது."

மேடம் வந்துவிட்டார். கையெழுத்து வாங்கினோம். இடது கையால் போட்டது பழைய கையெழுத்தோடு பொருந்தவில்லை. மேடம் அதற்கு ஒரு தனிக் குறிப்பு எழுதச் சொன்னார். எழுதினேன். காரணம் என்ற இடத்தில், 'வலது கையில் காயம்' என்று போட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

பாண்டித்துரை பாஸ்வேர்டை மறந்துவிட்டார். புதிதாகப் போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 21, சனி

அரைநாள் ஆபீஸ். எல்லோரும் போன பிறகு பெட்டகத்தைத் திறந்தேன். 30 நாள் கோரிக்கை இன்னும் நிலுவையில் இருந்தது. பக்கத்தில் 'ரத்து செய்' என்று இருந்தது. அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அழுத்தினேன். உறுதியாகவா என்று கேட்டது. ஆம் என்றேன்.

ரத்து செய்ததும் பதிவேட்டில் ஏறிவிட்டது. கோரிக்கை வைத்ததும் ஏறியிருக்கிறது. இரண்டிலும் என் பெயர்.

பிறகு ஏப்ரல் மாதத்துப் பக்கங்களை அச்செடுத்தேன். மூன்று பிரதி.

ஜெசிந்தாவிடம் சொன்னேன். எழுந்து உள்ளே போனாள். சாப்பாட்டை மூடி வைத்திருந்தாள்.

ஜூன் 23, திங்கள்

கோர்ட்டுக்குக் கிளம்பும் முன் மேடத்தின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பொங்கல் சாப்பாடு, லேப்டாப், பெரிய வியாழன், வாலிபால். அச்செடுத்த பக்கங்களை மேசையில் வைத்தேன். மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"இது எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"பதினோராம் தேதி மேடம்."

"இன்னைக்கு இருபத்து மூணு."

"ஆமா மேடம்."

நடுவில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். 30 நாள் கோரிக்கையைப் பற்றிச் சொன்னேன். அது நடந்திருந்தால் இந்த வரி அழிந்திருக்கும், அதற்காகத்தான் வைத்தேன் என்றும் சொன்னேன். அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். இந்த நோட்டிலும் அதற்கு முன் அப்படி எழுதவில்லை.

மேடம் தன் போனை எடுத்துப் பழைய அறிவிப்புகளைத் தேடினார்.

"நான் இதுக்கு அனுமதி குடுத்தேனா?"

"குடுத்தீங்க மேடம்."

"படிக்கவே இல்ல. சரி, அதையும் வாக்குமூலத்துல எழுதுங்க. என் பேரப் போட்டே எழுதுங்க."

போனைக் கவிழ்த்து வைத்தார். அந்தப் பெண்ணை இந்த அறையில் உட்கார வைத்து, உன் வாய்தான் காரணம் என்று சொன்னது நான் என்றார். என்னிடம் சொன்னதுபோல் இல்லை. இன்று கோர்ட்டுக்கு ஜூனியரை அனுப்பினார்.

ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தேன். அதை அப்புறம் பார்க்கலாம், முதலில் போலீஸ் என்றார்.

ஜூன் 25, புதன்

158/96.

மகளிர் காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்தேன். ஏழு பக்கம். லேப்டாப்பை ஒப்படைத்து ரசீது வாங்கினேன். மேகக் கணினி, மறைகுறியாக்கம் என்றெல்லாம் நான் விளக்கியதை எழுதிய பெண் காவலர் கடைசியில், "அதாவது பீரோ சாவிய மச்சினன்கிட்ட விட்டுட்டு வந்துட்டீங்க" என்றார். அப்படியே எழுதிக்கொள்ளலாம் என்றேன்.

மாலையில் அமல்ராஜைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். முகவரி கொடுத்ததை ஒப்புக்கொண்டிருக்கிறான். அவன் பெயரும் வழக்கில் சேர்கிறது. மாமியார் போன் செய்து ஜெசிந்தாவிடம் நெடுநேரம் பேசினார். ஜெசிந்தா 'ம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு எந்தக் கை?" என்று கேட்டாள்.

வலது கை என்றேன்.

ஜூன் 27, வெள்ளி

ஷகிலா பானுவை முதல் நிர்வாகியாக மாற்றினோம். நான் சாதாரணப் பயனாளர். ராஜினாமாவை மேடம் வாங்கவில்லை. சம்பளத்தோடு வைத்துக்கொண்டு கண்முன் உட்கார வைப்பது அதைவிட நல்லது என்றார். கருணையா தண்டனையா என்று தெரியவில்லை. கேட்கவில்லை.

118-க்கு யார் சொல்வது என்ற பேச்சு வந்தது. ஷகிலா பானு தான் சொல்வதாகச் சொன்னார். மேடம் என்னைப் பார்த்தார். நான் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 2, புதன்

காலை 154/94.

118 பதினோரு மணிக்கு வந்தார். மேடத்தின் அறையில் மூவரும் உட்கார்ந்தோம். ஷகிலா பானு தன் கம்ப்யூட்டரில் பதிவேட்டைத் திறந்து வைத்துவிட்டு வெளியே போனார். எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. உங்கள் கோப்பை யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியல் இது, நீங்களே பாருங்கள் என்று திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

பட்டியல் நீளமானது. விரலை வைத்து மேலிருந்து படித்துக்கொண்டே வந்தார். ஷகிலா பானு, ஷகிலா பானு, தில்லைநாயகி, ஷகிலா பானு. ஏப்ரலில் விரல் நின்றது.

"யாரு சார் இந்த இருதயராஜ்?"

ஐந்து மாதமாக அவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். நான் அவருடைய மனுக்களை டைப் அடித்திருக்கிறேன். என் பெயர் அவருக்குத் தெரியாது. எல்லோரும் போல் சார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

"நான்தாம்மா" என்றேன்.

பிறகு சொன்னேன். 118 என் முகத்தைப் பார்க்கவில்லை, அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இது என்ன கெழம சார்?"

"வியாழக்கிழமைம்மா."

"நான் அம்மாகிட்டப் பேசுனது வெள்ளிக்கிழம."

"ஆமாம்மா."

மேடம் அவரிடம் தன்னை மன்னிக்கும்படி கேட்டார். அவர் தலையை ஆட்டினார். அது சரி என்றா, வேண்டாம் என்றா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் மன்னிப்புக் கேட்டேன். அதற்குத் தலையாட்டலும் இல்லை.

இனிமேல் தன் கோப்பை யாரெல்லாம் பார்க்க முடியும் என்று கேட்டார். புதிய பதிப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக ஆள் குறிக்கலாம் என்று சொல்லி, பெயர்களைக் காட்டினேன். நான்கு பேர்.

"உங்க பேர எடுத்துருங்க சார்."

ஷகிலா பானுவைக் கூப்பிட்டோம். எடுத்தார். மேடம் அனுமதி கொடுத்தார். சரியாக நீங்கிவிட்டதா என்று பார்க்க, என் கணக்கிலிருந்து நுழைந்து 118-ஐத் தட்டிப் பார்க்கச் சொன்னார்கள். தட்டினேன். இந்தக் கோப்பைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தது. அவரிடம் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

வராந்தாவில் ஜன்னல் ஓரமாக நின்று, இடது கையால் போனைத் தட்டிக் காதில் வைத்தார். முதல் மணியிலேயே எடுத்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் பேசியது கேட்கவில்லை. இவர் சொன்னது மட்டும் கேட்டது.

"நீ இல்லம்மா. நீ இல்ல. இல்லம்மா, அழாத, நான் சொல்றேன் கேளு, நீ இல்ல."

நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.